ஏற்றத்தில் சூடானதும் நின்றுபோகும் பழைய புல்லட்: பெட்ரோலா, கரண்டா?

அரவேணு350:

வணக்கம். அப்பா ஓட்டிய 1988 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. வலது பக்கம் கியர், 12 வோல்ட், இன்னும் பாயின்ட் செட்தான் (திறந்து மூடி கரண்டை அறுத்து பிளக்கில் பொறி விழவைக்கிற பழைய செட்), எதையும் மாற்றவில்லை. பிரச்சினை இதுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒன்றும் ஆவதில்லை, ஊருக்குள் கட்டபெட்டு வரை போய்வந்தாலும் ஒன்றுமில்லை. ஆனால் மதியம் மேட்டுப்பாளையத்தில் வேலை முடித்துவிட்டு, பின்னால் ஆளோ மூட்டையோ வைத்துக்கொண்டு ஏறினால், குஞ்சப்பனை தாண்டியதும் மிஸ் அடிக்க ஆரம்பிக்கிறது. சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. உடனே எத்தனை உதைத்தாலும் எடுப்பதில்லை. டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து உதைத்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அதே கதை.

பிளக் புதிது போட்டாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் சிலிண்டரைக் கடைந்து போர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து கறுப்பாக இருக்கிறது. இன்னொன்று, ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஏறினால் தொந்தரவு இன்னும் சீக்கிரம் வருகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? வண்டியை விற்கிற எண்ணம் இல்லை, தயவுசெய்து அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

வெலிங்டன்வாசி:

தம்பி, ஒரு ரூபாய்க்குக்கூட சாமான் வாங்காதீர்கள், இப்போதைக்கு. சூட்டில் வருகிற கோளாறை, வண்டியை இறக்கி ஆறவைத்து பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது நிற்கிற இடத்தில், நிற்கிற நிமிஷத்தில் பார்க்க வேண்டும். பிளக் ஸ்பேனர், ஒரு பழைய பிளக், ஸ்க்ரூடிரைவர், துணி, காலி பாட்டில் இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே ஏறுங்கள். நின்றதும் வளைவை விட்டு நேரான இடமாக ஓரங்கட்டி, பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் கையாலேயே கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஆறியிருக்கும்போது இருக்கிற அழுத்தம் அப்போதும் இருக்கிறதா? கிக்கர் லொடலொடவென்று இறங்கினால், வால்வைத் தள்ளித் திறக்கிற எக்ஸாஸ்ட் டேப்பட் டைட்டாக இருந்து சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் இருக்கலாம். இந்த எஞ்சினில் டேப்பட்டுக்கு இடைவெளியே கிடையாது. நன்றாக ஆறிய எஞ்சினில், பிஸ்டன் மேலே இருந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, சிலிண்டர் அடியில் இருக்கிற டேப்பட் மூடியைக் கழற்றி அங்கிருந்து வால்வுப் பக்கம் மேலே போகிற கம்பியான புஷ் ராடை விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக்கூடாது. அதை வீட்டிலேயே காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் நன்றாக இருந்தால் போர் வேலை செய்யச் சொன்னவரை மறந்துவிடலாம்.

அடுத்தது கரண்ட். கையோடு கொண்டுபோன பழைய பிளக்கை பிளக் கேப்பில் செருகி, ஹெட்டின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, உதைத்துப் பாருங்கள். எஞ்சினில் இருக்கிற பிளக்கைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றினால் ஓட்டை வழியாக பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பொறி விழுந்தால் ஆபத்து. பொறி நீலமாக டக் டக்கென்று விழுகிறதா, மஞ்சளாக நூல் மாதிரி வருகிறதா, வரவே இல்லையா, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் நன்றாக இருந்தால் பெட்ரோலுக்கு வாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் மூடியில் இருக்கிற காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஏற்றத்தில் த்ராட்டில் நிறையத் திறந்திருப்பதால் பெட்ரோல் வேகமாக இறங்கும், உள்ளே அந்த இடத்தை நிரப்பக் காற்று வராது, கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். அரை மணி நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் மறுபடி சரியாகிவிடும். அதாவது நீங்கள் சொல்கிற அதே அறிகுறி, ஆனால் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மூடியைத் திறந்ததும் ஆறவைக்காமலேயே ஸ்டார்ட் ஆனால் காற்றுத்துளைதான். கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி பாட்டிலில் விட்டும் பாருங்கள். முதல் சில விநாடி நன்றாக வந்து அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குறைகிறதா என்று ஒரு நிமிஷமாவது பார்க்க வேண்டும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தாமல் கவனமாக.

நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பு கரண்ட்தான். பெட்ரோல் குறைந்து நிற்கிற வண்டி பொதுவாக இழுவை போய், தள்ளாடி, தானாக அடங்கும். சோக் போட்டால் கொஞ்சம் தேறும். சைலன்சரில் வெடிக்கிறது என்றால் எரியாத பெட்ரோல் வெளியே போய் அங்கே பற்றுகிறது, அதாவது பொறி இடையிடையே விழவில்லை. ஹெட்லைட் போட்டால் மோசமாகிறது என்பதும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சுற்று குறைவு, ஆல்டர்னேட்டர் போதுமான அளவு சார்ஜ் செய்யாது. ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே இருந்தால் பேட்டரி வோல்ட் இறங்கி, பிளக்குக்கு வோல்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலுக்குப் போகிற கரண்டும் குறையும். நல்ல நிலையில் இருக்கிற செட் அதைத் தாங்கும், தளர்ந்த செட் தாங்காது.

கல்லாறு_பட்டறை:

மேலே அண்ணன் சொன்ன வரிசை சரியான வரிசை. நான் அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன், மலை ஏற முடியாமல் திரும்பி வருகிற பழைய வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். பாயின்ட் செட் புல்லட் சூட்டில் நின்று ஆறினால் எடுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கன்டென்ஸர், அடுத்தது காயில்.

ஏன் கன்டென்ஸர் என்று சொல்லிவிடுகிறேன். பாயின்ட் திறக்கிற நொடியில் காயிலின் முதல் சுற்றில் ஓடுகிற கரண்ட் சடாரென்று அறுபட வேண்டும், அப்போதுதான் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். கன்டென்ஸர் நன்றாக இருந்தால் அந்தக் கரண்டைத் தான் வாங்கிக்கொண்டு பாயின்டில் தீப்பொறி பறக்காமல் பார்த்துக்கொள்ளும். அது சூட்டில் தளர்ந்துவிட்டால் கரண்ட் சட்டென்று அறாமல் பாயின்டுக்கு நடுவிலேயே தீயாகப் பாயும், பிளக்குக்கு வர வேண்டியது அங்கேயே எரிந்துபோகும். உங்கள் மாடலில் கன்டென்ஸர் இருக்கிற இடமும் சரியில்லாத இடம், சிலிண்டருக்குப் பின்னால் பாயின்ட் பெட்டிக்குள்ளேயே. மலையில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது காற்றோட்டமும் இருக்காது, நிறுத்திய பிறகும் சிலிண்டர் சூடு கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் உடனே எடுக்காமல் அரை மணி கேட்கிறது.

வண்டி நின்றதும் பாயின்ட் மூடியைக் கழற்றுங்கள். நிழலாக, முடிந்தால் சாயங்கால வெளிச்சத்தில், ஒருவர் உதைக்க நீங்கள் பாயின்டையே உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவு நீலப் பொறி தெரிந்தால் பரவாயில்லை. மஞ்சளும் வெள்ளையுமாக சடசடவென்று பெரிதாகப் பறந்தால் கன்டென்ஸர் போயிற்று. அது சரியாக இருந்தும் பிளக்கில் கரண்ட் இல்லையென்றால், டேங்குக்கு அடியில் இருக்கிற காயிலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடாக இருந்தால் ஈரத்துணி சுற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள். அதன் பிறகு எடுத்தால் காயில்தான். காயிலை ஆறின பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், சூடாக இருக்கும்போது அளக்க வேண்டும். சிலிண்டர் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், அது வார்ப்பிரும்பு, விரிசல் விடும்.

கன்டென்ஸர் மாற்றும்போது ஒரு விஷயம். இப்போது புது டப்பாவில் வருவதெல்லாம் ஒரே தரம் இல்லை, புதிதே பழுதாக வருவதும் உண்டு. பழைய கார்களுக்குப் போடுகிற, ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள நல்ல கன்டென்ஸர் ஒன்றை வாங்கி, பாயின்ட் பெட்டிக்கு வெளியே, காயில் பக்கத்தில் காற்றுப் படுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள். அதன் ஒயர் பாயின்டிலிருந்து காயிலுக்கு வருகிற முனையில் சேர வேண்டும், அதன் உடம்பு ஃபிரேமில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த் ஆக வேண்டும். பழையதைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அது உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பக்கத்தில் எத்தனை நல்லது போட்டாலும் பலன் இருக்காது.

பெருமாள்மலை_ரைடர்:

நான் கொடைக்கானல் பக்கம். அந்தக் கறுத்த பிளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் கார்புரேட்டரை மாற்றச் சொல்லியிருப்பார்கள். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டி 2240 மீட்டர், எங்கள் கொடைக்கானல் ஏறக்குறைய 2100, கோத்தகிரி 1800 ஒட்டி. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே மேலேயும் விடும். அதனால் மலையில் ஓடுகிற பழைய வண்டிகளில் பிளக் கொஞ்சம் கறுப்பாக இருப்பது இயல்பு, இழுவையும் கொஞ்சம் குறையும். ஆனால் உங்கள் வண்டி நிற்பதற்கு இது காரணமாக இருக்க முடியாது. இதுதான் காரணமென்றால் கோத்தகிரியில்தான் மோசமாக இருக்க வேண்டும், பாதி மலையில் நின்று, அரை மணி நிழலில் இருந்தால் சரியாகிவிடாது.

இப்போது வருகிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட் அதேதான் என்றால் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். மலையில் ஏற்கெனவே கலவை கெட்டியாக இருப்பதால் ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடாகிவிடுகிறது, சமவெளியில் ஓடுகிற பழைய வண்டிகளுக்குத்தான் அதனால் சூடு அதிகம். எனக்குக் கவலை வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்களில் மாதக்கணக்கில் மூடுபனி, டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்சுவரில் வியர்த்து தண்ணீர் இறங்கும், அடியில் துரு சேரும், பழைய ரப்பர் டியூபும் உப்பி உள்ளே உரியும். வண்டியை அதிகம் எடுக்காத மாதங்களில் டேங்கை நிரப்பி வையுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். டியூபைப் புதிதாக மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகளில் ஏற்றத்தில் இழுவை போனால் க்ராங்க் ஆயில் சீலையும் சந்தேகப்படுங்கள். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும், ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மேக்னெட் பக்கம் போனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும், த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று இறங்காமல் நிற்கும். அப்படியே மலை ஏற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

தூனேரி_தம்பி:

இவ்வளவு சிரமம் எதற்கு, பாயின்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் செட் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது இல்லையா?

வெலிங்டன்வாசி:

மாட்டலாம், தப்பில்லை, நன்றாக ஓடுகிற வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் கோளாறு எது என்று தெரியாமல் மாட்டினால், காயில்தான் பழுது என்றால் அதே காயிலோடு அதே இடத்தில் மறுபடியும் நிற்கும். இன்னொன்று, பாயின்ட் கெட்டால் உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து ரோட்டோரத்தில் சரிசெய்து வீடு வந்து சேர்ந்துவிடலாம். எலக்ட்ரானிக் பெட்டி போனால் பர்லியாரில் லாரியைத்தான் கைகாட்ட வேண்டும். கோளாறைக் கண்டுபிடித்த பிறகு அவர் இஷ்டம்.

அரவேணு350:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நண்பனைப் பின்னால் உட்காரவைத்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினோம், வழக்கமான இடத்திலேயே நின்றது. கிக்கரில் அழுத்தம் நன்றாக இருந்தது. டேங்க் மூடியைத் திறந்தும் எடுக்கவில்லை, டியூபில் பெட்ரோல் தாராளமாக வந்தது. பிளக்கில் பொறி மஞ்சளாக, அதுவும் விட்டு விட்டு. பாயின்ட் மூடியைக் கழற்றி நண்பன் உதைத்ததும் உள்ளே வெல்டிங் மாதிரி வெளிச்சம்! பாயின்டின் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் சின்ன மேடு. காயில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இன்று கன்டென்ஸரை வெளியே மாற்றி, புது பாயின்ட் போட்டு, மறுபடி அதே ஏற்றம் ஏறினேன். நிற்கவில்லை, மிஸ்ஸும் இல்லை, ஹெட்லைட் போட்டும் பார்த்தேன். ஆனால் எஞ்சின் சூடு இன்னும் அதிகமாகவே தெரிகிறது, பூட்ஸ் வழியாகவே காலில் உறைக்கிறது, மூன்றாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது கேட்கிறது. இது புல்லட்டுக்குச் சகஜமா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

கல்லாறு_பட்டறை:

பாக்கி இருக்கிறது. கன்டென்ஸர் ஏன் வெந்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்ததும் வேகும். டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், பின்தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பாயின்டின் அடியில் கேம் மேல் உரசுகிற அந்தக் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். பொறி தாமதமாக விழுந்தால் எரிய வேண்டியது முழுசாக இழுவையாக மாறாமல் சூடாக எக்ஸாஸ்ட் பக்கம் போகும். புது பாயின்ட் போட்டபோது இடைவெளி வைத்தீர்களா? முழுசாகத் திறந்திருக்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்ணால் மதிப்பிடக் கூடாது. இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங், முன்னால் வைத்தால் மாறிவிடும்.

அதைவிட முக்கியம், பாயின்ட் தட்டைக் கழற்றினால் அடியில் சுற்று ஏற ஏற டைமிங்கை முன்னால் கொண்டுவருகிற அட்வான்ஸ் செட் இருக்கும், இரண்டு குண்டும் இரண்டு ஸ்ப்ரிங்கும். கேமைக் கையால் ஒரு பக்கம் திருப்பி விடுங்கள், டக்கென்று தானே திரும்பி வர வேண்டும். பழைய கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ குண்டு விரியாமல் சிக்கியிருந்தால் சுற்று ஏறும்போதும் டைமிங் முன்னால் வராது. ஊரில் சும்மா ஓட்டும்போது தெரியாது, மலையில் சுமையோடு ஏறும்போது இழுவையில்லாமல் கொதிக்கும்.

அரவேணு350:

அண்ணே, நீங்கள் சொன்னதேதான். கேமைத் திருப்பினால் திருப்பிய இடத்திலேயே நின்றது. ஒரு குண்டின் ஆணி துருவில் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து எடுத்து, ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டதும் இரண்டு குண்டும் பூ மாதிரி விரிகின்றன. இடைவெளி 0.38 வைத்து, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து பாயின்ட் திறக்கிற இடத்தைப் பிடித்து டைமிங் வைத்தேன். அரவேணு ஏற்றத்தை மூன்றாவது கியரில் இழுக்கிறது, அப்பா ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து கேட்ட அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது, ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. இனி அந்தக் கறுத்த பிளக்குக்கு, கார்புரேட்டர் ஊசியின் (நீடில்) கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றட்டுமா?

பெருமாள்மலை_ரைடர்:

நீங்கள் மலையிலேயே இருப்பவரென்றால் ஏற்றலாம், கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்குகிறீர்கள், அங்கே உயரம் 300 மீட்டர் சொச்சம்தான். மேலே சரியாக வைத்தது கீழே மெலிந்து சூடாகும், அதோடுதான் மறுபடி மலையும் ஏறப் போகிறீர்கள். நீடிலைத் தொடாதீர்கள். ஏர் ஸ்க்ரூவை மட்டும் கால் சுற்று வெளியே விட்டு ஐடிலிங் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பொறி நன்றாக விழுவதால் பிளக் நிறமே மாறலாம், ஒரு மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் கழற்றிப் பாருங்கள்.

கல்லாறு_பட்டறை:

நீடில் விஷயத்தில் என் கருத்தும் அதுதான். புது பாயின்டின் குதிகால் பழகும்போது கொஞ்சம் வேகமாகத் தேயும், அதனால் சில வாரத்தில் இடைவெளியை ஒரு தடவை மறுபடி பாருங்கள். கேமில் கிரீஸ் தடவும்போது தீக்குச்சித் தலை அளவு போதும், அதிகமானால் சூட்டில் உருகி பாயின்ட் மேல் தெறித்து மறுபடி மிஸ் அடிக்கும்.